“எஞ்சின்ல சின்ன வேலைதான்!”
பழைய வாகனம் வாங்கலாமா, விடலாமா?

(தோட்டக் குடும்பங்களுக்கான சேமிப்புக் கூட்டத்தில், கராஜ் தொழிலில் நீண்டகால அனுபவமுள்ள ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்.)



கொழுந்து நிறுத்து முடித்து, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, இந்த மழையிலும் வந்திருக்கிறீர்கள். ஆகவே நான் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

இன்றைக்கு நம் தோட்டங்களில் பல லயங்களில் ஒரே பேச்சுத்தான். “அப்பாவுக்கு ஈ.பி.எப். காசு வரப்போகுது. ஓர் ஓட்டோ எடுத்தா என்ன?” இல்லாவிட்டால், “யாழ்ப்பாணத்துல கடையில வேலை செய்யிற தம்பி போன் பண்ணினான். அங்க ஒரு வேன் இருக்காம். விலை குறைவாம். எஞ்சின்ல சின்ன வேலைதானாம்.”

இந்தச் “சின்ன வேலைதான்” என்ற இரண்டு சொல்லைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். இந்தச் சொல்லை நம்பி முழுச் சேமிப்பையும் போட்டுவிட்டு, வாகனத்தை லயத்துக்குப் பின்னால் தகரம் போட்டு மூடி வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. எஞ்சின் பழுதான வாகனத்தை யோசித்து வாங்கி, திருத்தி, பிள்ளைகளைப் படிக்க வைத்த குடும்பங்களும் இருக்கின்றன. இரண்டு குடும்பமும் வாங்கியது பழைய வண்டிதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது?

காசு யாருடையது?

முதலில் காசைப் பற்றி ஒரு வார்த்தை. ஈ.பி.எப். என்பது சும்மா வந்த காசு இல்லை. சட்டப்படி உங்கள் சம்பளத்தில் 8 சதவீதம், நிர்வாகம் போடுவது 12 சதவீதம். ஈ.டி.எப். என்று நிர்வாகம் போடுவது இன்னொரு 3 சதவீதம். ஓய்வு பெறும்போது வரும் சேவைக்காலப் பணம், நாட்சம்பளக்காரருக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் என்ற கணக்கில் வருகிறது. பெண்களுக்கு 50 வயதிலும் ஆண்களுக்கு 55 வயதிலும் ஈ.பி.எப். கைக்கு வரலாம். அதற்குப் பிறகு மாதா மாதம் வேறு ஒன்றும் வராது.

ஆகவே அந்தக் காசு, அட்டை கடித்த காலும் கூடை இழுத்த தலையும் முப்பது வருஷம் சேர்த்த காசு. அதை எடுத்து ஒரு வாகனத்தில் போடுவது பிழை என்று நான் சொல்லவில்லை. நாலு பேர் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய விஷயம் என்றுதான் சொல்கிறேன். யானை வாங்கக் காசு இருந்து, அங்குசம் வாங்கக் காசில்லாமல் நின்ற கதையாகிவிடக் கூடாது.

யாழ்ப்பாணத்து ஒஸ்டின் கார்

நான் ஏ-9 பாதை 2002இல் திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக் கராஜில் வேலை பழகியவன். அங்கே பெரிய பாஸ்மார் சொல்லித் தந்த ஒரு விஷயத்தை இப்போது சொல்கிறேன். பழைய வாகனம் பற்றி நமக்கு அதைவிட நல்ல பாடம் கிடையாது.

1990 ஜூனில் யுத்தம் மறுபடி தொடங்கியது. பாதை மூடப்பட்டது. பெற்றோல், டீசல், பற்றரி, உதிரிப்பாகம், சீமெந்து என்று பல பொருட்கள் குடாநாட்டுக்குப் போகத் தடை. கரண்டும் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம் அது. வெளியே போவதென்றால் கிளாலிக் கடனீரேரியில் இரவு வள்ளத்தில் போக வேண்டும். 1995 வரை ஏறத்தாழ இப்படித்தான் போனது.

அந்தக் காலத்திலும் யாழ்ப்பாணத்தில் கார் ஓடியது. எந்தக் கார்? ஒஸ்டின் ஏ-40, மொறிஸ் மைனர் போன்ற பழைய இங்கிலாந்துக் கார்கள். அப்போதே அவற்றுக்கு முப்பது, நாற்பது வயது. நோயாளியை ஆஸ்பத்திரிக்கு ஏற்றவும், கல்யாணப் பொம்பிளை மாப்பிள்ளையை ஏற்றவும் இவைதான். எதில் ஓடின தெரியுமா? மண்ணெண்ணெயில்! நாம் சொல்லும் லாம்பெண்ணெயில்! ஒரு சின்னப் போத்தலில் கொஞ்சம் பெற்றோல் வைத்திருப்பார்கள். கார்புரேட்டருக்குள் சில துளி விட்டு ஸ்டார்ட் செய்வார்கள். எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். வீதி முழுக்கப் புகையும் நாற்றமும்தான். ஆனாலும் கார் போய்ச் சேர்ந்தது.

இது எப்படி முடிந்தது? அந்தப் பழைய எஞ்சின், காற்றையும் எரிபொருளையும் ஏழு மடங்கு அளவுதான் அமுக்கும். குறைந்த அமுக்கத்தில் மண்ணெண்ணெய் ஒருவாறு எரியும். இன்றைய பெற்றோல் எஞ்சின் அதைவிட மிக அதிகமாக அமுக்குகிறது. அதில் மண்ணெண்ணெய் விட்டால் உள்ளே தட்டும், சீக்கிரம் உடையும்.

அந்த ஒஸ்டினுக்கும் மண்ணெண்ணெய் இலவசமாக வேலை செய்யவில்லை. எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எஞ்சின் ஒயிலில் கலக்கும். ஒயில் தண்ணியாகிவிடும். பிஸ்டன் ரிங் தேயும், பேரிங் தேயும், உள்ளே கரி படியும். அடிக்கடி ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்ட வேண்டும். ஒரு காரைக் கழற்றி இன்னொரு காரை ஓட வைக்க வேண்டும்.

இதிலிருந்து “பாருங்கள், எந்தப் பழைய எஞ்சினையும் ஓட்டலாம்” என்று ஒரு தம்பி எடுத்துக்கொள்ளலாம். அது தவறான பாடம். பெரிய பாஸ்மார் எனக்குச் சொன்ன பாடம் மூன்று.

ஒன்று: அந்த எஞ்சின் எளிமையானது. அதைக் கழற்றிப் பூட்டத் தெரிந்த கை ஊருக்கு ஊர் இருந்தது.

இரண்டு: என்ன பழுது வரும், எப்போது வரும் என்பது ஓட்டுகிறவருக்கு முதலே தெரியும். தெரிந்தே ஓட்டினார்கள்.

மூன்று: அவர்களுக்கு வேறு வண்டி கிடையாது. “வேண்டாம்” என்று சொல்ல வழியே இல்லை.

நமக்கோ “வேண்டாம்” என்று சொல்ல வழி இருக்கிறது. பாதை திறந்திருக்கிறது, வேறு வண்டியும் இருக்கிறது. குடாநாட்டுச் சனங்களுக்கு ஐந்து வருஷம் கிடைக்காத அந்தச் சுதந்திரத்தை, நாம் புரோக்கரின் அவசரத்துக்குப் பயந்து விட்டுக்கொடுக்கக் கூடாது. “நாளைக்கே இன்னொருத்தர் அட்வான்ஸ் தாறார்” என்று சொன்னால், “நல்லது, அவருக்கே குடுங்க” என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஏன் விலை ஏறியது?

2020 மார்ச்சில் நாட்டுக்கு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்குக் கதவு மறுபடி திறந்தது. இடையில் ஐந்து வருஷம். புது வண்டி வராததால் பழைய வண்டி விலை ஏறியது. ஒதுக்கிப் போட வேண்டிய வண்டியெல்லாம் பெயின்ட் அடித்துக்கொண்டு சந்தைக்கு வந்தது.

இடையில் 2022ஆம் வருஷ எரிபொருள் பஞ்சம் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். பல வண்டிகள் மாதக் கணக்கில் ஓடாமல் நின்றன. மண்ணெண்ணெய் லீட்டர் 87 ரூபாயாக இருந்து, 2022 ஆகஸ்டில்தான் 340 ரூபாய் ஆனது. விலை குறைவாக இருந்த நாட்களில் பெற்றோலோடும் டீசலோடும் அதைக் கலந்து ஓட்டியவர்களும் உண்டு. ஆகவே பழைய வண்டி பார்க்கும்போது, “2022இல இந்த வண்டி ஓடிச்சா, நின்னுச்சா? எதுல ஓடிச்சு?” என்று கேளுங்கள். யுத்தகாலத்து ஒஸ்டினுக்கு வந்த அதே ரிங் தேய்வு இன்றைய வண்டிக்கும் வரும்.

சமநிலத்து வண்டியும் மலைநாட்டு வண்டியும்

யாழ்ப்பாணத்தில் வண்டி பார்க்கப் போகும் தம்பிமார் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். அங்கே பார்த்தபோது நன்றாக ஓடிய வண்டி, கினிகத்தேனை ஏற்றத்தில் நின்றுவிடும். விற்றவர் பொய் சொல்லாமலே இது நடக்கலாம்.

காரணம் இதுதான். குடாநாட்டு நிலத்தின் பெரும்பகுதி கடல்மட்டத்திலிருந்து பத்து மீட்டர் உயரத்துக்குள் இருக்கிறது. ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தேய்ந்த எஞ்சினும் அங்கே சோர்வு காட்டாது. ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேல். நுவரெலியா 1,868 மீட்டர். அவ்வளவு உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். எஞ்சினுக்கு மூச்சு குறைகிறது, சுமையோ கூடுகிறது. நல்ல எஞ்சின் இதைத் தாங்கும். ஏற்கெனவே இளைத்த எஞ்சின் தாங்காது.

இரண்டாவது, தண்ணீர். குடாநாடு சுண்ணாம்புக்கல் நிலம். அங்கே கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படை படிவதைப் பார்த்திருப்பீர்கள். ரேடியேட்டருக்கு வருஷக்கணக்கில் அந்தக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றியிருந்தால் அதே வெள்ளைப் படை ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் எஞ்சினுக்குள்ளும் படிந்திருக்கும். சமநிலத்தில் மெதுவாகப் போகும்போது தெரியாது. மலை ஏறும்போதுதான் சூடு ஏறி ஹெட் கேஸ்கட் போகும். ரேடியேட்டர் மூடியை, எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும், திறந்து விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கோ துருவோ வந்தால் ஜாக்கிரதை.

மூன்றாவது, உப்புக்காற்று. கரையோரத்தில் நின்ற வண்டியின் அடித்தட்டையும் சேசியையும் கீழே படுத்துப் பார்க்க வேண்டும். எஞ்சினைத் திருத்தலாம். துருப்பிடித்த சேசி நம் தோட்டத்துக் கல் ரோட்டில் இரண்டாய்ப் போகும். மேலே அடித்த பெயின்ட் மினுங்குவதைப் பார்த்து மயங்கவேண்டாம்.

இவ்வளவும் சொன்னதால் யாழ்ப்பாணத்து வண்டி கூடாது என்று அர்த்தமில்லை. மலை ஏறி இறங்கிய நம் ஊர் வண்டியில் கிளச்சும் பிரேக்கும் தேய்ந்திருக்கும். ஒவ்வோர் ஊர் வண்டிக்கும் ஒவ்வொரு நோய். எந்த நோயைத் தேட வேண்டும் என்று தெரிந்து போங்கள்.

பல்லைப் பிடித்துப் பாருங்கள்

தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாது. இது காசு கொடுத்து வாங்கும் மாடு. நன்றாகவே பிடித்துப் பாருங்கள். மெக்கானிக் இல்லாமலே நீங்கள் செய்யக்கூடிய சோதனைகள் சில சொல்கிறேன்.

காலையில் போங்கள். முதல் நாளே “நான் வந்த பிறகுதான் ஸ்டார்ட் பண்ணணும்” என்று சொல்லிவிடுங்கள். போனதும் எஞ்சினுக்குக் கிட்டே கையைப் பிடித்துப் பாருங்கள். ஏற்கெனவே சூடாக இருந்தால், குளிரில் ஸ்டார்ட் ஆகாத நோயை மறைக்கிறார்கள் என்று சந்தேகப்படலாம்.

புகையைப் பாருங்கள். நீலப்புகை வந்தால் எஞ்சின் ஒயில் எரிகிறது: ரிங் அல்லது வால்வு சீல் தேய்ந்திருக்கிறது. கறுப்புப்புகை வந்தால் எரிபொருள் அதிகம் போகிறது: பெரும்பாலும் வெளி வேலை. வெள்ளைப்புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டர் தண்ணீரும் குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட். ஆனால் நம் மலைக் குளிரில் காலையில் வரும் வெள்ளை ஆவி சாதாரணம். சில நிமிஷத்தில் நின்றுவிடும். அதைக் கண்டு பயப்படாதீர்கள்.

பழைய இரண்டு ஸ்ட்ரோக் ஓட்டோவுக்கு இந்த நீலப்புகைக் கணக்கு அப்படியே பொருந்தாது. அதில் பெற்றோலோடு ஒயில் கலந்துதான் எரிகிறது. கொஞ்சம் நீலப்புகை வரத்தான் செய்யும். அந்த ரக ஓட்டோவின் இறக்குமதி 2008இல் நிறுத்தப்பட்டது. அப்படியானால் இன்று விற்பனைக்கு வருவதன் வயதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

ஒயில் மூடியைக் கழற்றிப் பாருங்கள். ஒயில் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. தண்ணீர் ரேடியேட்டர் உள்ள வண்டியில் அது பெரிய செலவின் அறிகுறி. ஒயில் வழமைக்கு மாறாகத் தேன்போல் தடிப்பாக இருந்தால், புகையையும் சத்தத்தையும் மறைக்க ஊற்றியிருக்கலாம். எஞ்சின் ஓடும்போது அந்தத் துவாரத்தில் புகை “புசு புசு” என்று அடித்தால், பிஸ்டனைத் தாண்டிக் காற்று கீழே வருகிறது.

சத்தத்தைக் கேளுங்கள். “டிக் டிக்” என்று மேலே கேட்கும் மெல்லிய சத்தம் பெரும்பாலும் டெப்பட் சரிசெய்தால் போகும். “டொக் டொக்” என்று அடியிலிருந்து கனமாகக் கேட்டால் பேரிங். அந்தச் சத்தம் கேட்ட வண்டியை விட்டுவிட்டு பஸ் ஏறுங்கள்.

ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். ஆட்களை ஏற்றிக்கொண்டு, நம் ஊர் ஏற்றம் ஒன்றில் அரை மணித்தியாலமாவது ஓட வேண்டும். மேலே போய் எஞ்சினை நிறுத்தி, ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சூட்டில் ஸ்டார்ட் ஆகாத வண்டி, சவாரிக்காரரை நடுவழியில் இறக்கிவிடும். யாழ்ப்பாணத்தில் வாங்குவதானால் ஏற்றம் கிடைக்காது. அப்போது ஒரு மெக்கானிக்கைக் கொண்டு கொம்பிரஷன் மானி வைத்துப் பார்க்காமல் காசை எண்ண வேண்டாம்.

அந்த மெக்கானிக் உங்கள் ஆளாக இருக்க வேண்டும். விற்பவரின் மச்சானாக இருக்கக்கூடாது. அவருக்கு ஒரு நாள் கூலியும் பஸ் காசும் கொடுத்துக் கூட்டிப் போங்கள். அந்தச் செலவுக்குப் பின்னடிக்க வேண்டாம்.

மூன்று வகைப் பழுது

பார்த்த பிறகு எப்படி முடிவெடுப்பது? எஞ்சின் பழுதை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, தெரிந்த வெளிப்பழுது. பிளக், கார்புரேட்டர், பில்டர், பற்றரி, வயர், பம்ப். உதிரிப்பாகத்தின் விலையைக் கடையில் கேட்டு அறியலாம். ஒரு நாள் வேலை. இந்த வண்டியை விலையைக் குறைத்து வாங்கலாம்.

இரண்டாம் வகை, தெரிந்த உள்பழுது. ரிங், வால்வு, ஹெட் கேஸ்கட். இதையும் வாங்கலாம், ஆனால் நிபந்தனையோடு. உங்கள் மெக்கானிக் பார்த்து, என்ன வேலை, எவ்வளவு காசு, எத்தனை நாள் என்று சொல்ல வேண்டும். உதிரிப்பாகம் உங்கள் ஊரில் கிடைக்க வேண்டும். அவர் சொன்ன தொகையைப் போல் இரண்டு மடங்காவது விலை குறைய வேண்டும். ஏன் இரண்டு மடங்கு? எஞ்சினைத் திறந்த பிறகுதான் உள்ளே இருக்கும் மற்ற நோய் தெரியும். திறக்காத எஞ்சினுக்கு எந்த நல்ல மெக்கானிக்கும் முழு வாக்குக் கொடுக்க மாட்டார்.

மூன்றாம் வகை, தெரியாத பழுது. “சில நேரம் நிக்கும், சில நேரம் ஓடும்”, “சூடேறும், ஏனென்று தெரியல்ல”, “போன கராஜில ஏதோ பண்ணினாங்க”. விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் இதை எடுக்க வேண்டாம். ஆழம் தெரியாமல் காலை விடுவது இதுதான். யுத்தகாலத்து ஒஸ்டின்காரருக்குத் தன் காரின் நோய் முழுக்கத் தெரியும். நோய் தெரியாத வண்டியை அவரே கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டார்.

ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, “எஞ்சின் பழுதா, இல்லையா?” என்பதில்லை. “என்ன பழுது என்று நமக்குத் தெரியுமா?” என்பதுதான் கேள்வி.

பேர்க் கணக்கில் போடுங்கள்

வீட்டில் உட்கார்ந்து ஒரு கொப்பியில் கணக்குப் போடுங்கள். ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். நல்ல நிலையில் உள்ள வண்டியின் விலை பத்துப் பங்கு. எஞ்சின் பழுதான வண்டிக்கு ஏழு பங்கு கேட்கிறார்கள். மூன்று பங்கு லாபம் போலத் தெரிகிறது. எஞ்சின் வேலை ஒன்றரைப் பங்கு. யாழ்ப்பாணத்திலிருந்து ஏற்றிவரும் செலவும் போக்குவரத்தும் அரைப் பங்கு. ரயர், பிரேக், காப்புறுதி, வருடாந்த வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை எல்லாம் சேர்த்து அரைப் பங்கு. வண்டி கராஜில் நிற்கும் ஒன்றரை மாதத்தில் வராமல் போகும் வருமானம் அரைப் பங்கு. மூன்று பங்கும் போய்விட்டது. நல்ல வண்டியின் காசும் போச்சு, கையில் இருப்பதோ திருத்திய வண்டி. அப்படியானால் ஏழு பங்குக்கு அது மலிவில்லை. ஐந்துக்குத் தந்தால் யோசிக்கலாம்.

இன்னொரு வழியும் சொல்கிறேன். இது நம் வீட்டு அம்மாமாருக்குச் சட்டென்று விளங்கும். செலவைப் பேர்க் கணக்கில் மாற்றுங்கள். கணக்குக்குச் சுலபமாக ஒரு பேருக்கு 1,500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 60,000 ரூபாய் எஞ்சின் வேலை என்பது 40 பேர். நாற்பது நாள் மலையில் ஏறி இறங்கிய கொழுந்து. அரைப்பேர் போட்ட நாளையும் சேர்த்தால் இன்னும் கூடும். “அறுபதாயிரந்தானே” என்று சொல்லும் வாய், “நாப்பது பேர்தானே” என்று சொல்லத் தயங்கும். அந்தத் தயக்கம் நல்லது.

லீசிங் எடுப்பவர்கள் இதைவிடக் கவனமாக இருக்க வேண்டும். எஞ்சின் பழுதென்று வண்டி கராஜில் நின்றாலும் மாதத் தவணை நிற்காது. பழுதான வண்டிக்குக் கடனும் சேர்ந்தால், ஒரே நேரத்தில் இரண்டு பேருக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். கடனில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் ஓடுகிற வண்டியை எடுங்கள். எஞ்சின் வேலை உள்ள வண்டியைக் கைக்காசில் மட்டும் எடுங்கள். அதிலும் மூன்றில் ஒரு பங்கையாவது வங்கியில் விட்டுவிட்டு மிச்சத்தில் எடுங்கள். நகையை அடகு வைத்து எஞ்சின் திருத்தும் நிலைக்குப் போகாதீர்கள்.

காகிதத்தில் பழுது

எஞ்சின் பழுதுக்கு மருந்து உண்டு. காகிதப் பழுதுக்கு மருந்து கஷ்டம்.

பதிவுச் சான்றிதழில் உள்ள எஞ்சின் இலக்கமும் சேசி இலக்கமும் வண்டியில் உள்ளவையும் ஒன்றா என்று பாருங்கள். எஞ்சின் பழுதான வண்டியில் வேறு எஞ்சின் மாற்றிப் போட்டிருப்பார்கள். அந்த மாற்றம் மோட்டார் வாகனத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும். பதியாவிட்டால், அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கு நாளைக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

சான்றிதழில் முழு உரிமையாளர் என்று ஏதாவது நிதிக் கம்பனியின் பெயர் இருந்தால், அந்தக் கடன் தீராமல் வண்டி உங்களுடையது ஆகாது. “நான் மிச்சத் தவணையைக் கட்டிடுவேன்” என்ற வாய் வார்த்தைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

அடுத்தது ஓப்பன் பேப்பர். முந்தின சொந்தக்காரர் கையெழுத்துப் போட்ட படிவத்தை மட்டும் வாங்கிக்கொண்டு, பெயர் மாற்றாமல் ஓட்டுவது. மூன்று நாலு கை மாறி வந்த வண்டியில் முதல் ஆள் வெளிநாடு போயிருப்பார், அல்லது இறந்திருப்பார். பிறகு பெயர் மாற்ற நாயாய் அலைய வேண்டும். காசு கொடுக்கும் நாளிலேயே பெயர் மாற்றத்துக்கான பத்திரங்களைக் கையில் வாங்கி, தாமதிக்காமல் பதியுங்கள். கொடுத்த காசுக்கு, சாட்சியோடு எழுதிய ரசீதும் வாங்குங்கள். “எஞ்சினில் இன்ன பழுது உண்டு, அதைச் சொல்லியே விற்கிறேன்” என்று அவர் எழுதித் தரட்டும். நேர்மையானவர் எழுதித் தருவார்.

கேட்கப்பட்ட ஒரு கேள்வி

முன்வரிசையில் இருக்கும் அம்மா ஒருவர் கூட்டத்துக்கு முன்னமே என்னிடம் கேட்டார்: “இவ்வளவும் பாத்தா யாருமே பழைய வண்டி வாங்க முடியாதே தம்பி? புது வண்டி வாங்க எங்ககிட்ட எங்க காசு?”

நியாயமான கேள்வி. நான் வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை, அம்மா. தெரிந்து வாங்குங்கள் என்கிறேன். ஒரு வண்டி ஒரு குடும்பத்தைத் தூக்கிவிடும். அவசரத்துக்கு ஆஸ்பத்திரிக்கு ஓடவும், மரக்கறி ஏற்றவும், பள்ளிப் பிள்ளைகளை ஏற்றவும் தோட்டத்துக்கு வண்டி தேவைதான். ஓடும் பழைய வண்டி, ஓடாத அழகான வண்டியைவிட ஆயிரம் மடங்கு மேல். சிறியதாக வாங்குங்கள். உங்கள் ஊரில் பத்துப் பேர் வைத்திருக்கும் ரகத்தையே வாங்குங்கள். அந்த ரகத்துக்கு மெக்கானிக்கும் உதிரிப்பாகமும் பக்கத்திலேயே இருக்கும். யாழ்ப்பாணத்தில் ஒஸ்டின் அத்தனை காலம் ஓடியதற்கும் அதுதான் காரணம்: ஒரே ரகம் பல இருந்தது, அதைத் தெரிந்த கையும் பல இருந்தது.

வாங்கும் முடிவை வீட்டு ஆம்பிளை மட்டும் எடுக்க வேண்டாம். காசில் பாதி அம்மாவின் கொழுந்துக் காசு. வண்டி பார்க்க அம்மாவும் போகட்டும். எஞ்சின் தெரியாது என்று ஒதுங்க வேண்டாம். கொழுந்து நிறுக்கும் தராசில் முள் எங்கே நிற்கிறது என்று தூரத்திலிருந்தே பார்க்கிற கண், புகையின் நிறத்தையும் பார்த்துவிடும். விற்பவரின் முகத்தையும் பார்த்துவிடும்.

இனி “எஞ்சின்ல சின்ன வேலைதான்” என்று யாராவது சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். என்ன வேலை? எவ்வளவு காசு? அவ்வளவு சின்ன வேலை என்றால், அதைச் செய்து முடித்துவிட்டு நல்ல விலைக்கு நீங்கள் ஏன் விற்கவில்லை?

மூன்றாவது கேள்விக்கு நல்ல பதில் இருந்தால் உட்கார்ந்து பேசுங்கள். பதில் இல்லாவிட்டால் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, வணக்கம் சொல்லி எழுந்து வாருங்கள். காசு உங்கள் கையில் இருக்கும்வரை வண்டிக்குப் பஞ்சமில்லை.